கறுத்த பிறை

2012 ஜூலை, காலை 6.20. வல்லம் வடகால் திருப்பத்தில் ஆட்களை ஏற்றிவந்த கம்பெனி வேன் கிறீச்சிட்டு நின்றது. முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தொழிலாளி மாரிராஜ் நினைவில்லாமல் கிடந்தான். பின்னால் பைக்கில் வந்த அவனுடைய சூப்பர்வைசர் கோபால், "வேன்காரன் இடிச்சிட்டான்!" என்று கத்தியதுதான் தாமதம். முதல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டம் டிரைவர் பகலவனை இறக்கிப் பின்னி எடுத்துவிட்டது.

காலை 8.45. ஒரகடத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சப்-இன்ஸ்பெக்டர் ஞானம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவாள், எழுவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள். பத்து மணிக்குள் வழக்குப் பதிந்து டிரைவரைக் கோர்ட்டுக்கு அனுப்பும்படி இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். கண்ணால் பார்த்த சாட்சி இருக்கும்போது இவள் ஏன் இழுத்தடிக்கிறாள் என்று அவருக்குக் கடுப்பு. வேனின் முகப்பில் அப்பியிருந்த செம்மண் கொஞ்சமும் கலையவில்லை என்பதுதான் இவளை அரித்தது. ஆனால் அதைச் சொன்னால் இன்ஸ்பெக்டர் சிரிப்பார்.

"நா இடிக்கவே இல்ல மேடம்," என்றான் பகலவன். சட்டை கிழிந்து, உதடு வீங்கியிருந்தது. "அவுரு தள்ளாடிக்கினே வந்து அவுராவே வுழுந்தாரு. நா பிரேக் போட்டுட்டேன்."

அவன் குரலில் காலையில் இருந்த உறுதி இப்போது இல்லை. ஜெயிலுக்குப் போனால் லைசென்சும் போச்சு, பிழைப்பும் போச்சு. மாரிராஜ் குடித்திருக்கவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தள்ளாடிய கதையை நம்பவும் ஆளில்லை.

அடுத்தது கோபால்.

"எங்க இடிச்சுது?"

"தலையில மேடம். சைடு கண்ணாடி அடிச்சு அப்படியே தூக்கிப் போட்டுச்சு."

"அவர் முடி ஏன் இவ்ளோ குட்டையா இருக்கு?"

"மொட்ட மேடம். மூணு வாரம் முன்னாடி திருச்செந்தூர் போய் போட்டுக்கினு வந்தான். நான்தான் லீவு குடுத்தேன்."

9.10. நாங்குநேரியில் இருந்த மாரிராஜின் மனைவி இசக்கிசெல்விக்கு ஞானம்மா போன் போட்டாள்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லல்லா? உண்மையச் சொல்லுங்கம்மா."

"டாக்டருங்க பாத்துட்டிருக்காங்க. சமீபத்துல உடம்புக்கு ஏதாவது சொன்னாரா?"

"தலை வலிக்கு, தலை வலிக்குன்னு பத்து நாளாச் சொன்னாக. ஷிப்டு அலுப்புன்னு நெனச்சேன். நான் இப்பவே பஸ் ஏறுதேன்."

"தனியா வராதம்மா."

"வயித்துல எட்டு மாசம். எங்கம்மை கூட வருவாக."

9.30. ஸ்கேன் அறையில் டெக்னீஷியன் பிரவீனா இரண்டு படங்களை விளக்குப் பலகையில் மாட்டியிருந்தாள். முதலாவது நேற்று பைக்கில் விழுந்த ஒருவருடையது. மண்டை ஓட்டுக்கு உள்ளே பிறைபோல் வெள்ளையாக ஒரு கீற்று. மாரிராஜின் படத்திலும் அதே பிறை, ஆனால் கறுப்பு.

"ஏன் ஒண்ணு வெள்ள, ஒண்ணு கறுப்பு?"

"புது ரத்தம் சி.டி. ஸ்கேன்ல வெள்ளையா தெரியும் மேடம். நாள் ஆக ஆக கறுத்துடும். இது மூணு வாரமாவது இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இத்தன நாளா கொஞ்சம் கொஞ்சமா மூளைய அமுக்கிக்கிட்டு இருந்திருக்கு. தள்ளாட்டம், மயக்கம் எல்லாம் அதனாலதான். இன்னிக்குப் பட்ட அடிக்கு வீக்கம்கூட இல்ல, உள்ளங்கையில சிராய்ப்புதான். மண்டையில ஓட்ட போட்டு அந்த ரத்தத்த வடிக்கப் போறாங்க."

ஞானம்மா ஓட்டமும் நடையுமாக ஆபரேஷன் தியேட்டருக்குப் போனாள். வாசலில் நர்ஸ் மாரிராஜின் தலையை மழித்துக்கொண்டிருந்தாள். காதுக்கு மேலே, குட்டை முடிக்குள் இதுவரை ஒளிந்திருந்த தழும்பு தெரிந்தது. ஐந்து தையல்.

9.50.

"கோபால், இவருக்கு எப்ப, எங்க அடிபட்டுது?"

"காலையில, ரோட்டுல..."

"காலையில பட்டிருந்தா ரத்தம் வெள்ளையா இருந்திருக்கும். இது மூணு வாரத்துக் கறுப்பு. அதே மூணு வாரத்துக்கு முன்னாடிதான் மொட்டையும். மனைவி மாசமா இருக்கும்போது எந்த நாங்குநேரிக்காரன்யா மொட்ட போடுவான்? என் புருஷன் ரெண்டு பிரசவத்துக்கும் சாமியாராட்டம் முடி வளத்துக்கிட்டு அலைஞ்சாரு. தையல் போட பாதி முடிய மழிச்சீங்க. கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லணுமேன்னு மீதியையும் எடுத்துட்டு, சாமி மேல பழிய போட்ட. திருச்செந்தூருக்கு லீவு குடுத்தேன்னு நீயே சொன்னியே."

கோபாலுக்கு வேர்த்துக் கொட்டியது.

"கிரேன் கொக்கி பட்டுச்சு மேடம். வெளிய சொன்னா வேல போயிடும்னு அவன் வாய அடைச்சேன். கம்பெனி வாசல் போர்டுல விபத்தில்லா நாள் எரநூத்தி எண்பது. அது பூஜ்யமானா காண்ட்ராக்டே கைவிட்டுப் போயிடும். காலையில அவன் வுழுந்தப்ப வேன் எதிர்ல நின்னுச்சு..."

"வசதியா போச்சு," என்றாள் ஞானம்மா. கான்ஸ்டபிள் கோபாலைக் கூட்டிப்போனார்.

வராந்தாவில் பகலவன் தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து மெதுவாகக் கேட்டான்.

"மேடம், நா இடிக்கலதான? எல்லாரும் சொல்லச் சொல்ல எனுக்கே டவுட்டு வந்துடுச்சு. ஒருவேள இடிச்சிட்டேனோ, நாந்தான் கவனிக்கலயோன்னு..."

"நீ இடிக்கல. இன்னிக்கு ரூம்லயே படுத்திருந்தா எழுந்திருக்கவே மாட்டாராம். நீ நிறுத்தினதாலதான் ஸ்கேனுக்கு வந்தாரு."

அடி வாங்கும்போது அழாத பகலவன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான். இன்ஸ்பெக்டரின் போன் மறுபடி அடித்தது. ஞானம்மா அதை எடுக்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.