கக்கூஸ் கதவுக்கு ஒரு பேட்டரி டிரில்

தனுஜாவின் பையில் ஒரு கல் இருந்தது. ஒரு பலகைத் துண்டும் இருந்தது. அக்கரப்பத்தனையிலிருந்து அட்டனுக்குப் போகிற பஸ்ஸில், அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நசுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"டிரில் வாங்கப் போறோமா, கல்லு விக்கப் போறோமா?" என்றாள் அம்மா நாகலெட்சுமி.

"ரெண்டும் நம்ம கக்கூஸ்லருந்து எடுத்ததும்மா. மெஷின் இதுல ஓட்டை போடுதான்னு பார்த்துட்டுத்தான் வாங்கணும்."

பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். தனுஜாவுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே கக்கூஸ். அதற்குக் கதவுப் பலகை உண்டு. ஆனால் அது கல் சுவரில் நிற்காது. ஆணி அடித்தார்கள், விழுந்தது. மறுபடி அடித்தார்கள், மறுபடி விழுந்தது. தோட்டத்து ஆபீசில் சொன்னார்கள். "பார்ப்போம்" என்றார்கள். ஆபீஸ் கக்கூசுக்கு நல்ல கதவு இருக்கிறது. அப்புறம் அவர்களுக்கு என்ன அவசரம்?

அக்கா ஊர்மிளா உள்ளே போனால், தனுஜா வெளியே நின்று பலகையைப் பிடிக்க வேண்டும். ஒருநாள் காற்று பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனது. அந்தப் பக்கமாக வந்த பையன்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஊர்மிளா வீட்டுக்குள் போய் அழுதாள். அதற்குப் பிறகு அவள் பகலில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

அதை அம்மா கவனித்தாள். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், "யாரும் வர வேணாம். நாமளே மாட்டிருவோம்" என்று கிளம்பிவிட்டாள்.

அட்டனில் இரும்புச் சாமான் கடை முதலாளி அம்மாவைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"ஏன் மொதலாளி, பொம்பள பிடிச்சா டிரில் சுத்தாதா?"

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, நீள ஒயர் வைத்த மெஷின் ஒன்றை எடுத்து வைத்தார். "இதுதான் மலிவு. பலமும் கூட."

"ஒயரை எங்க சொருகுறது? கக்கூஸ்ல பிளக் இல்லையே" என்றாள் தனுஜா.

"அப்படின்னா பேட்டரி டிரில்தான்."

அவர் சின்னதாக ஒன்றை எடுத்தார். தனுஜா பலகைத் துண்டை நீட்டினாள். குர்ர்ர்! மரத்தூள் சுருள் சுருளாக வந்தது. தனுஜா ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்து முதலாளியைப் பார்த்தாள்.

அடுத்தது கல். டிரில் கீச்சென்று கத்தியது. கல்லில் ஒரு கீறல்தான் விழுந்தது.

"வெள்ளக்காரன் காலத்துக் கருங்கல்லு. இதுக்கு இடிச்சு இடிச்சுத் துளைக்கிற மெஷின் வேணும்" என்று முதலாளி பெரிய ஒன்றைத் தூக்கி வைத்தார். அம்மா அதில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தாள். பணம் முடிந்திருந்த முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"வா பிள்ள, போவோம்."

தனுஜா நகரவில்லை. கடையின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதலாளி, உங்க சுவரும் கருங்கல்லுதானே? இந்தக் கதவு எப்படி நிக்குது?"

"அது சுவத்துல எங்க நிக்குது? மரச் சட்டத்துல நிக்குது."

"சட்டம் எதுல நிக்குது?"

"சுவத்துக்கு நடுவுல வச்சு, சுத்தி ஆப்பு அடிச்சு இறுக்கியிருக்கு."

"அப்ப கல்லுல ஓட்டையே வேணாமே! மரத்துல போட்டாப் போதுமே!"

முதலாளி தன் கதவை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் பார்த்தார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"இதை எடுத்துக்கங்க" என்று முதலாளி பளபளப்பான பெட்டியைத் திறந்தார். உள்ளே டிரில்லோடு விதவிதமான சாமான்கள் மினுங்கின.

"இதுல பேட்டரி எத்தனை?" என்றாள் அம்மா.

"ஒண்ணு. பெட்டி இல்லாம வர்ற இதுல ரெண்டு இருக்கு. விலை ஒண்ணுதான்."

"ரெண்டு உள்ளதே குடுங்க. லயத்துல எங்க வீட்டுக்கு ஒண்ணு வாங்குனா, எல்லா வீட்டுக்கும் வாங்குன மாதிரி. ஒரு பேட்டரி எங்க வீட்டு ஓட்டைக்கே காணாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விழுந்த சவுக்கு மரத்தை அறுத்து, அம்மாவும் பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவும் சட்டம் செய்தார்கள். சுவருக்கு நடுவில் வைத்து, சுற்றி ஆப்பு அடித்தார்கள். அம்மா டிரில்லை வைத்து அழுத்தினாள். அது சுற்றியது. மரத்தில் ஓட்டைதான் விழவில்லை.

"ஏமாத்திட்டாங்கடி!" என்று ராக்காயி அக்கா தலையில் கை வைத்தாள்.

தனுஜா டிரில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் அம்புக்குறி போட்ட ஒரு பொத்தான் இருந்தது. "தலைகீழா சுத்துதும்மா!" பொத்தானை மறுபக்கம் தள்ளினாள்.

குர்ர்ர்!

மத்தியானத்துக்குள் கதவு நின்றது. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் வைத்தார்கள். ஊர்மிளா ஒரு பெரிய செம்பு தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். பிறகு தனியாக நடந்து போனாள். 'டக்'கென்று தாழ்ப்பாள் விழுந்தது.

நேரம் போனது. வெளியே வரிசை நீண்டது.

"என்னடி, உள்ளேயே குடி போயிட்டியா?" என்று ராக்காயி அக்கா கதவைத் தட்டினாள்.

உள்ளே ஊர்மிளா பாடிக்கொண்டிருந்தாள்.