முப்பத்தைந்தே நிமிடப் பயணம்

வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்து. அவளுடைய அப்பா கணக்கு வாத்தியார். அன்று காலையிலிருந்து அப்பா ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இந்த விமான நிலையத்துலேர்ந்து அந்த விமான நிலையத்துக்கு நூத்தியெண்பது கிலோமீட்டர். பறந்தா முப்பத்தஞ்சே நிமிஷம்.”

விமானம் போய் இறங்கும் ஊரின் ஆஸ்பத்திரியில் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்திருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குக் கட்டை அவிழ்க்கப்போகிறார்கள். கண்ணைத் திறந்ததும் வாலுவின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன் என்று பெரியம்மா பிடிவாதமாகச் சொல்லியிருந்தார்.

விமான நிலையத்துக்கு வந்த பிறகு, பத்தரை மணி விமானம் பதினொன்றரைக்கு என்றார்கள். பிறகு பன்னிரண்டரை என்றார்கள். வாலு உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். பஸ்ஸில் போய்விடலாமே என்று கேட்டாள். பஸ் மூன்று மணி நேரம் இழுத்தடிக்கும் என்று அப்பா மறுத்துவிட்டார்.

“நாம வந்து ரெண்டரை மணி நேரம் ஆச்சுப்பா. உங்க முப்பத்தஞ்சு நிமிஷம் நாலு தடவை முடிஞ்சுபோச்சு.”

அப்பா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை சரியாக இருந்தது.

கவுண்டரில் இருந்த அக்காவைச் சுற்றிப் பெரிய கூட்டம். எப்போது கிளம்பும், எப்போது கிளம்பும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பதில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாலுவுக்கும் எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. ஆனாலும் கூட்டம் கலைந்ததும் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“அக்கா, நாங்க ஏற வேண்டிய விமானம் இப்போ எங்க நிக்குது?”

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அக்கா கணினியைப் பார்த்துவிட்டு, அது இன்னும் பெரியம்மா இருக்கும் ஊரிலேயே நிற்பதாகச் சொன்னார். சக்கரம் மாற்ற வேண்டுமாம். புதுச் சக்கரம் இன்னும் வந்து சேரவில்லையாம். வாசலில் பன்னிரண்டே காலுக்கு அந்த ஊருக்கு ஒரு பஸ் இருப்பதையும் அவரே சொன்னார்.

வாலு அப்பாவிடம் ஓடினாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றார் அப்பா.

“அந்த விமானம் முதல்ல இங்க வரணும். வந்தவங்க இறங்கணும். நாம ஏறணும். அப்புறம் திரும்பி அங்கேயே போகணும். எல்லாம் சக்கரம் வந்த பிறகுதான். பஸ்ஸுக்குச் சக்கரம் இருக்குப்பா.”

அப்பா பையைத் தூக்கிக்கொண்டார்.

பஸ் கண்ட கண்ட இடத்தில் எல்லாம் நின்றது. ஜன்னல் மூடவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் வாலுவின் தோளைத் தலையணை ஆக்கிக்கொண்டார். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கலைந்த தலையோடு அவள் ஆஸ்பத்திரி அறைக்குள் ஓடினாள்.

டாக்டர் கண் கட்டின் கடைசிச் சுற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அழகாகச் சிரிக்க வேண்டும் என்று வாலு நினைத்துக்கொண்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து, பஸ்ஸின் சராசரி வேகத்தை அப்பா டாக்டருக்கு விளக்க ஆரம்பித்தார். வாலுவின் முகம் கடுகடுவென்று ஆனது.

பெரியம்மா கண்ணைத் திறந்தார். அந்த முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“நெத்தியில மூணு சுருக்கம். மூணும் தெளிவாத் தெரியுது டாக்டர்.”

வாலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா அதையும் பார்த்தார்.