திரையோடு பேசாதவன்

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை: படம் பார்க்கத் தெரிந்தவர்கள், திரையோடு பேசுகிறவர்கள். இதை ஏங்கஸ் தன் வாழ்நாள் கண்டுபிடிப்பாகவே கருதினான். ஹோபார்ட் நகரத்தின் சின்னத் திரைப்படச் சங்கத்தில், வியாழக்கிழமை மாலைகளில், படம் போடுவதற்கு முன் எழுந்து நின்று, முகத்தில் ஒரு சிரிப்புக்கோடுகூட விழாமல் இதை அறிவிப்பான்.

"திரையில இருக்கிறவங்களுக்குக் காது கேக்காது. எடுத்தவனும் செத்தாச்சு, நடிச்சவளும் செத்தாச்சு. 'ஐயோ அங்க போகாத'ன்னு நீங்க கத்தினா நின்னுடுவாளா?"

மீறிப் பேசியவர் படம் முடிந்ததும் எல்லாருடைய தேநீர்க் கோப்பைகளையும் கழுவ வேண்டும் என்பது சங்க விதி. கழுவ யாருக்கும் மனமில்லை. மூன்று மணி நேரம் ஒருவன் ஆடு மேய்க்கும் படத்தில், கடைசியில் அந்த ஆடு செத்தபோதுகூட மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை. ஒருத்தி மட்டும், "அடப்பாவமே, எழுந்திரு கண்ணு" என்றாள். அவள் ரோவினா, ஏங்கஸின் மனைவி. அவள் கை படாத கோப்பை அந்தச் சங்கத்தில் இல்லை.

போன குளிர்காலத்தில் ஒரு காலை ரோவினா வழக்கம்போல் கடலில் நீந்தப் போனாள். துண்டும் செருப்பும் கரையில் இருந்தன. அவள் கிடைக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், சங்கத்தின் பொருளாளர் ப்ரூ ஒரு துருப்பிடித்த தகர டப்பாவை மண்டபத்து மேசையில் தொப்பென்று வைத்தாள்.

"இந்தா. ஹுவான் பள்ளத்தாக்குல படம் சேத்து வெச்சிருந்த கிழவன் போய்ச் சேந்தான்ல, அவன் கொட்டகையில கிடந்தது. எலி வேண்டாம்னு விட்டது."

"என்ன படம்?"

"யாருக்குத் தெரியும்? ஊமைப்படம். டப்பா மேல எழுத்தப் பாத்தா பால்டிக் கடல் பக்கம் ஏதோ தீவு. மீனு, மழை, அழுக்குப் பொம்பளைங்க. உனக்கு அல்வா மாதிரி இருக்கும்."

"பாத்தியா நீ?"

"பாக்காமலே சொல்றேன், மகத்தான படம். நம்ம சங்கத்துல அப்படித்தானே சொல்லணும்?" சிரித்தவள் அவன் கழுத்தில் தொளதொளத்த சட்டைக் காலரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "ஏண்டா, சாப்பிடறியா இல்லியா நீ?"

"சாப்பிடறேன்."

"பொய். டின்ல கேக் இருக்கு. வியாழக்கிழமை வேணா நான் ஓட்டட்டுமா?"

"வேண்டாம் ப்ரூ. சுருள்ல எங்கயாவது ஒட்டு விட்டிருக்கான்னு ஓட்டிப் பாத்துட்டுப் போயிடறேன்."

எந்தப் படத்தையும் சங்கத்துக்குக் காட்டும் முன் ஒருமுறை தனியாக ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. ப்ரூவின் கார் சரிவில் இறங்கும் சத்தம் தேய்ந்தது. வெளியே மழை பிடித்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, சுருளை மாட்டி, புரொஜெக்டரை முடுக்கினான். சூடேறிய தூசியின் வாசனையும், பழைய படச்சுருளுக்கே உரிய புளித்த காடி நெடியும் எழுந்தன. திரையில் ஒரு கூழாங்கல் கரை. அதில் மீன் கூடைகளைச் சுமந்துகொண்டு வரிசையாகப் பெண்கள் எறும்புகளைப் போல் ஓடினார்கள்.

வேகம் தப்பு. ஊமைப்படத்தைப் பேசும்படத்தின் வேகத்தில் ஓட்டியிருக்கிறான். நேற்று வந்து சேர்ந்தவன் செய்கிற பிழை. ரோவினா போனதிலிருந்து கைகள் அவன் சொல்வதைக் கேட்பதில்லை. வேகத்தைக் குறைக்கக் குமிழைத் திருகப் போனபோது, வரிசையிலிருந்து ஒருத்தி பிரிந்து, கூடையை வைத்துவிட்டு, விறுவிறுவென்று கடலுக்குள் நடந்து மறைந்தாள். படம் முடிந்தது.

அவ்வளவுதான். ஆனால் தண்ணீரின் விளிம்பில் ஒரு கணம் அவள் ஒற்றைக்காலில் நின்று, மறுபாதத்தைக் கெண்டைக்காலில் தேய்த்ததைப் போலிருந்தது.

குளிர்ந்த தண்ணீரைத் தொடும் முன் அப்படித் தேய்த்துக்கொள்கிற ஒரே ஒருத்தியை அவனுக்குத் தெரியும். கொக்கு என்று கேலி செய்திருக்கிறான்.

சுருளைத் திருப்பிச் சுற்றினான். சரியான வேகத்தில் ஓட்டினான். இப்போது பெண்கள் மனிதர்களைப் போல் நடந்தார்கள். கூடைகளின் கனம் அவர்கள் தோளில் தெரிந்தது. அவள் பிரிந்தாள். கூடையை வைத்தாள். நின்றாள். பாதத்தைத் தேய்த்தாள். இடது தோள், ரோவினாவுடையதைப் போலவே, வலதைவிடச் சற்றே தாழ்ந்திருந்தது. போவதற்கு முன் அவள் கொஞ்சம், மிகக் கொஞ்சம், தலையைப் பின்னால் திருப்பினாள். யாரோ கூப்பிடுவார்கள் என்று பார்ப்பவளைப் போல.

பிறகு போய்விட்டாள்.

மறுபடி சுற்றினான். இன்னும் மெதுவாக ஓட்டினான். காடி நெடிக்குள் வேறொரு வாசனை கலந்திருந்தது. ஈரக் கடற்பாசியின் வாசனை. வேகம் குறையக் குறைய அவள் அதிக நேரம் நின்றாள். அதிக நேரம் காத்திருந்தாள்.

ரோவினா காணாமல் போன அன்று காலையும் காத்திருந்தாள். அவன் வீட்டுக் கூடத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு ஹங்கேரியப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் கதவருகே துண்டோடு நின்றபடி, "வர்றியா? கரையில சும்மா நின்னாப் போதும், இன்னிக்கு அலை ஒரு மாதிரி இருக்கு" என்றாள். படம் ஓடும்போது பேசுகிறவன் இல்லை அவன். திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினான். இரு, இந்தக் காட்சி முடியட்டும். கதவு சாத்திக்கொண்டது.

நான்காம் முறை. ஐந்தாம் முறை. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

குமிழ் அதன் கடைசிப் புள்ளிக்கு வந்துவிட்டது. இதற்குமேல் மெதுவாக்கினால் சுருள் நின்றுவிடும். நின்றால், விளக்கின் சூட்டில் அந்த ஒற்றைப் படச் சட்டகம் கொப்புளித்து, அவள் நின்ற இடத்தில் ஒரு பழுப்புத் துளை விழும். ஓடவிட்டால் கடல். நிறுத்தினால் நெருப்பு.

இரண்டுக்கும் நடுவே ஒன்றே ஒன்றுதான் மீதியிருந்தது.

அவள் கூடையை வைத்தாள். நின்றாள். பாதத்தைத் தேய்த்தாள்.

ஏங்கஸ் தொண்டையைச் செருமினான். மண்டபம் காலியாக இருந்தும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ரோவினா," என்றான். "போகாத."

கூடைப் பெண்களின் வரிசை நின்றது.

படம் நிற்கவில்லை. பழைய சுருளின் கீறல்கள் மழைக்கோடுகளாகத் திரையில் விழுந்துகொண்டிருந்தன. அலை வந்தது, போனது. அவர்கள் மட்டும் நின்றார்கள். ஒவ்வொருத்தியாகத் தலையைத் திருப்பி, பேசியது யார் என்று மண்டபத்துக்குள் பார்த்தார்கள்.

கடைசியாக அவள் திரும்பினாள்.

தூரத்தில் முகம் தெரியவில்லை. நடக்கத் தொடங்கினாள். கடலை விட்டு. அவனை நோக்கி. பின்னால் மற்றவர்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

புரொஜெக்டரில் சுருள் தீர்ந்தது. வால் நுனி விடுபட்டுச் சுழன்றது. தட். தட். தட். வெறும் விளக்கு. திரை வெள்ளையாக வேண்டும்.

ஆகவில்லை.

வந்துகொண்டிருந்தாள். நெருங்க நெருங்க, திரையில் இடுப்புக்கு மேலே. மார்புக்கு மேலே. தலைமுடியில் பாசி. ரோவினாவின் நீல நீச்சலுடை, கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலமாகவே. முகம் திரையை நிறைத்தபோது ஏங்கஸ் அதைப் பார்த்தான். ஓராண்டுக் காலம் கடலடியில் கிடந்த முகம். உதடில்லை. கண்கள் இருந்த இடத்தில் சிறிய, வெளிறிய ஏதோ அசைந்தன.

அந்த முகம் இரண்டு பக்கமும் திரும்பித் துழாவியது. அதற்குப் பார்வையில்லை. அவன் குரல் மட்டும்தான் அதற்கு வழி.

மண்டபக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் நழுவிவிடலாம்.

திரையின் கீழ்விளிம்பில் ஈரமான ஐந்து விரல்கள் வெளியே வந்து பற்றிக்கொண்டன.

"இங்கதான் இருக்கேன்," என்றான் ஏங்கஸ், மெல்ல, தூங்கும் வீட்டில் பேசுகிறவனைப் போல. "படி இருக்கு, பாத்து வா. இந்தப் பக்கமா. இன்னும் கொஞ்சம். வா."