ரசீது எண் 214

2003 ஜூலை 5, சனிக்கிழமை, காலை 9.40. ஆரணி, ஊன்றுகோல் அறக்கட்டளை அலுவலகம். ரசீது எண் 214-இன் அடிக்கட்டையில் ரூ.36,000 ரொக்கம் என்று எழுதியிருந்தது. அந்தத் தொகை பணப்பெட்டியிலும் இல்லை, வங்கியிலும் இல்லை.

கண்டுபிடித்தவர் மணவாளன். ஊராருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். நடக்க முடியாத குழந்தைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் இந்த அறக்கட்டளைக்கு மட்டும் பதினோரு வருடமாகக் கூலி வாங்காமல் பார்க்கிறார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் எல்லோரும் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால் ஜூலையில் அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தார். அடிக்கட்டை மாறவில்லை.

தேதி 29-3-2003. கொடுத்தவர் பெயருக்கு நேரே ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'வெல் விஷர்'. கீழே குமாஸ்தா சகாயம்மாளின் கையெழுத்து.

அறக்கட்டளைச் செயலாளர் உண்ணாமலை பட்டுச் சேலை மொத்த வியாபாரி. அடிக்கட்டையைக் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தாள்.

"கையெழுத்து உன்னுதுதானே?"

"என்னுதுதாம்மா. மேல இருக்கற எழுத்து என்னுது இல்ல."

"அது எப்படி?"

சகாயம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "சனிக்கிழமைல நான் ரைஸ் மில்லுங்களுக்கு வசூலுக்குப் போயிடறேன். அந்த நேரத்துல யாராவது குடுக்க வந்தா ரசீது இல்லாம திரும்பக்கூடாதுன்னு, அஞ்சு தாள்ல முன்னாடியே கையெழுத்துப் போட்டு வெச்சிட்டுப் போவேன். மேசை சாவி காலண்டருக்குப் பின்னாடி. எல்லாருக்கும் தெரியும்."

"நல்லா இருக்குடி உன் ஆபீசு."

மணவாளன் குறுக்கிட்டார். "இந்த ரசீதைக் காட்டினா அதுல பாதித் தொகை வருமானத்துல கழிஞ்சிடும்மா. எடுத்தவனுக்குத் தேவை ரசீதுதான். பணம் வராமலே இருந்திருக்கலாம்."

"வந்தும் இருக்கலாம் இல்ல? எவனோ குடுத்துட்டு ரசீது வாங்கினு போயிருப்பான். இவ பணத்த வெச்சிகினு இருப்பா."

மணவாளன் அடிக்கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்" என்றாள் உண்ணாமலை.

மார்ச் 29-ஆம் தேதியும் சனிக்கிழமைதான். வருகைப் பதிவேட்டில் அன்று மூன்று தொண்டர்களின் கையெழுத்து இருந்தது. மூன்று பேரும் இன்றும் வந்திருந்தார்கள். மூன்று பேருமே ஏதோ ஒரு சமயம் மணவாளனிடம் ஒரே கேள்வியைக் கேட்டவர்கள்: இங்கே இலவசமாகச் செய்யும் வேலைக்கு வரியில் கழிவு உண்டா?

10.30. கட்டடத்துக்கு இலவசமாக வரைபடம் போட்டுக் கொடுத்த பொறியாளர் இருதயசாமி.

"கழிவு பத்திக் கேட்டீங்களே?"

"கேட்டேன். இல்லன்னீங்க. சரின்னு ரொக்கமாவே கொஞ்சம் குடுத்தேன். அதே புஸ்தகத்துல பாருங்க, 198."

ரசீது 198: ரூ.5,001.

"நீங்களும் ஒரு ரூபா சேப்பீங்களா?"

"சர்ச்சுக்குப் போற வேதக்காரனா இருந்தா இன்னா சார், ஆரணிக்காரன்தானே? மொட்டையா அஞ்சாயிரம் குடுத்தா என் வீட்டுக்காரியே சண்டைக்கு வருவா."

11.10. கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் ஜெயப்ரியா.

"நீயும் கேட்டியேம்மா."

"அது சும்மா பொது அறிவுக்கு, சார். வரி கட்டற அளவுக்குச் சம்பளம் வந்தா நானே உங்களுக்கு ஸ்வீட் வாங்கித் தரேன்."

11.45. பிசியோதெரபி டாக்டர் ஜெகநாதன். வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் வருபவர். ஒரு குழந்தையின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"கழிவு பத்தி நானா கேட்டேன்? ஞாபகம் இல்லயே."

"பிப்ரவரில கேட்டீங்க."

"இருக்கும். வேலைல எதுவும் நிக்கறதில்ல. ஒரு நர்சிங் ஹோம்ல விசிட்டுக்கு எழுநூத்தம்பது தரேன்னு கூப்புட்டுகினே இருக்காங்க. சனிக்கிழமை மட்டும் முடியாதுன்னுட்டேன்."

"அன்னிக்கு ஆபீஸ் ரூமுக்குப் போனீங்களா?"

"கையெழுத்துப் போடப் போயிருப்பேன். எல்லாரும்தான் போறாங்க."

பகல் 1.15. மணவாளன் டிபன் பாக்ஸைத் திறந்தார். மனைவி தேவகி கட்டிக் கொடுத்த தயிர் சாதம். சாப்பிட்டுக்கொண்டே ரசீதுப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். 101. 501. 116. 1,001. 251. 5,001. நூற்றுக்கணக்கான பேர். நெசவாளி, மில்காரர், ஆசிரியை.

214-க்கு வந்ததும் கை நின்றது. கையைக் கழுவிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஏப்ரல் 2002 முதல் மார்ச் 2003 வரை ஒவ்வொரு சனிக்கிழமையாக விரல் வைத்து எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார்.

4.20. எல்லோரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். சகாயம்மாள் கதவருகே நின்றாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"இந்தப் புஸ்தகத்துல முழுத் தொகையா இருக்கறது ஒரே ஒரு ரசீதுதான்" என்றார் மணவாளன். "நம்ம ஊர்ல தருமம் குடுக்கறவங்க ஒரு ரூபாயாவது கூட வெச்சித்தான் குடுப்பாங்க. சகாயம்மா எழுதின ஒவ்வொரு ரசீதுலயும் அது இருக்கு. அந்த ஒரு ரூபா இல்லன்னா இது கொடை இல்ல. கூலி. யாரோ தன் கூலியக் கணக்குப் போட்டிருக்காங்க."

வருகைப் பதிவேட்டை விரித்து வைத்தார்.

"போன வருஷம் டாக்டர் வந்தது நாப்பத்தெட்டு சனிக்கிழமை. விசிட்டுக்கு எழுநூத்தம்பது. பெருக்கிப் பாருங்க."

இருதயசாமியின் உதடு அசைந்தது. "முப்பத்தாறாயிரம்."

உண்ணாமலை ஜெகநாதனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு தோள்பையைத் திறந்து, தன் ஆடிட்டரிடம் கொடுப்பதற்காக வைத்திருந்த உறையை எடுத்து மேசைமேல் போட்டார். உள்ளே ரசீது 214. அதில் அவர் பெயர் தெளிவாக இருந்தது.

"அடிக்கட்டைல எதுக்குத் தொகைய எழுதினீங்க?"

"வரி ஆபீஸ்ல இருந்து விசாரிச்சா ஒத்துப்போகணுமேன்னு. பேர எழுதினா சகாயம்மா என்னக் கேப்பாங்க. பணத்தத் தேடுவாங்கன்னு தோணல." குரல் தாழ்ந்தது. "நான் யாரு காசையும் எடுக்கல சார். ஆறு வருஷமா வந்துகினு இருக்கேன். பஸ் சார்ஜ் கூடக் கேட்டதில்ல. என் உழைப்புக்கு மதிப்பே இல்லயா?"

"இருக்கு. வரிச் சட்டத்துல இல்ல. அதுல தொகைன்னுதான் போட்டிருக்கு. வேலை, நேரம், மருந்து, துணி எதுவும் செல்லாது. இவங்க உங்களுக்கு முப்பத்தாறாயிரம் சம்பளமா குடுத்து, நீங்க திருப்பிக் குடுத்திருந்தா ரசீது செல்லும். ஆனா அந்த முப்பத்தாறாயிரத்தையும் முதல்ல வருமானத்துல காட்டணும். அப்பவும் கழியறது பாதிதான். நஷ்டம் உங்களுக்குத்தான்."

"இதுல எனக்கு எவ்ளோ மிச்சமாகி இருக்கும்னு நெனக்கிறீங்க?"

"ஐயாயிரத்துச் சொச்சம்."

"அவ்ளோதான்" என்றார் ஜெகநாதன்.

"எனக்கும் பதினோரு வருஷம் ஆச்சு டாக்டர். பிப்ரவரில இல்லன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போயிட்டேன். உக்காந்து விளக்கி இருக்கணும்."

ஜெகநாதன் கதவுப் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்கம்மா."

சகாயம்மாள் காலண்டருக்குப் பின்னாலிருந்த சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். உண்ணாமலை அவளிடம், "டீ குடிச்சியா?" என்று கேட்டாள். ஐந்து மணிக்குக் கடைக்குப் போனாள். ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

மணவாளன் ரசீது 214-ஐ அடிக்கட்டையோடு சேர்த்து ஒட்டினார். குறுக்கே 'ரத்து' என்று எழுதித் தேதி போட்டார்.

ஜூலை 12, சனிக்கிழமை. டாக்டர் வரவில்லை. பதினான்கு குழந்தைகளும் அவர்களைத் தூக்கி வந்தவர்களும் பன்னிரண்டரை மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். சகாயம்மாள் அன்று வசூலுக்குப் போகவில்லை. ஒரு ரசீது எழுதினாள். எண் 262, ரூ.51. எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போட்டாள்.