காய்ந்த துணியின் சத்தம்

அடைமழையில், பக்கத்து வீட்டுக் கொடியில் தொங்கிய வெள்ளைப் போர்வை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். நனைந்த துணி அப்படி அடிக்காது. கனத்துத் தொங்கும், தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், சொத்சொத்தென்று சுவரில் மோதும். இது காய்ந்த துணியின் சத்தம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே துணியோடு புழங்குகிறவளை அதில் ஏமாற்ற முடியாது. ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். கொடிக்கு மேலே கூரை ஏதும் இல்லை. வானம் மொத்தமும் அந்தப் போர்வையின் மேல்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

கணவனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. மாற்றல் வந்தபோது அவனுடைய சூப்பர்வைசர் போனில் சிரித்தாராம்: "அங்க மழை எப்ப வரும்னு யாரும் கேக்க மாட்டாங்க தம்பி, எப்ப போகும்னுதான் கேப்பாங்க. குடையெல்லாம் வேண்டாம், காத்து ஒடிச்சிடும். கொடிக்கயிறு நிறைய வாங்கிக்கிட்டுப் போங்க." இருவரும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது. காலையில் சலித்த மாவுபோலத் தூறல், மதியம் கடலிலிருந்து குறுக்காக அடிக்கும் உப்பு மழை, சாயங்காலம் கொட்டித் தீர்க்கும் கனமழை. எப்போதாவது வெயில் எட்டிப் பார்த்தால் தெருவே துணிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும். கயிற்றில் போடுவதற்குள் வெயில் போயிருக்கும். கதவுகள் ஊதிப் போய் நிலையில் சிக்கின. ஜாடியில் உப்பு தண்ணீராயிற்று. செருப்புகளில் பச்சையாக ரோமம் முளைத்தது. இரவு மிஷினில் விட்ட ஊசி காலையில் துருவேறியிருந்தது. அவள் தைத்துக் கொடுத்த சட்டையை முகர்ந்து பார்த்து, "ஒரு வாடை வருதேம்மா" என்று திருப்பித் தந்துவிட்டுப் போனவர்கள் மறுபடி வரவில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். பக்கத்து வீட்டு அக்காவைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரே ஆள் கட்டி வாடகைக்கு விட்ட இரண்டு வீடுகள். நடுவில் ஒற்றைச் சுவர். சுவரின் இந்தப் பக்கம் கரும்பூஞ்சை படர்ந்து கூரைவரை ஏறியிருந்தது. அந்தப் பக்கம் நேற்று சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. அக்கா உடுத்தும் துணி எப்போதும் மொடமொடவென்று, மடிப்புக் கலையாமல் இருக்கும். அவள் நடந்து போனால் வெயிலின் வாசனை வரும்.

"எப்படிக்கா உங்க வீட்ல மட்டும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு பாத்துக்கறாரும்மா" என்றாள் அக்கா.

"அவரை நான் பார்த்ததே இல்லையே?"

"எங்க எழுந்திருக்கறாரு? உக்காந்தா உக்காந்ததுதான்." அக்கா சிரித்தாள். இவளும் கூடச் சிரித்துவைத்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம் கணவன் தோளில் புதுத் துண்டோடு வந்தான். "அக்கா குடுத்தாங்க. முகத்தைத் துடைச்சுப் பாரேன், வெயில்ல நிக்கற மாதிரி இருக்கு." அவளுக்கு வயிறு எரிந்தது. துண்டைத் தொடவில்லை. ராத்திரி அவன் தூங்கிய பிறகு எடுத்து முகத்தில் அழுத்தி, வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

அதற்குப் பின் கொட்டுகிற மழையிலும் அவன் நனையாமல் வீட்டுக்கு வந்தான். "அக்கா வீட்ல சித்த உக்காந்துட்டு வந்தேன்" என்பான். மணிக்கட்டில் கைக்கடிகாரப் பட்டை பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. முகம் உப்பியிருந்தது. அங்கே வாய்க்கு ருசியாகப் பொங்கிப் போடுகிறாள்போல, அதுதான் உடம்பில் ஒட்டுகிறது என்று அவள் பல்லைக் கடித்தாள். அவன் புரண்டு படுக்கும்போது குடத்தில் தண்ணீர் அலம்புவதுபோலச் சத்தம் வந்தது. அதையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் மனசில் இருந்த கேள்வி வேறு.

காற்று பலத்துக் கிரேன்களை நிறுத்திவிட்ட ஒரு மதியம். விளக்குப் போட வேண்டிய அளவுக்கு வானம் இருட்டியிருந்தது. கணவன் தெருமுனையில் திரும்புவதையும், தன் வீட்டு வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வாசலில் ஏறுவதையும் ஜன்னல் வழியே பார்த்தாள். கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமலே இறங்கிப் போனாள்.

அக்கா வீட்டுக் கதவு முனகாமல் திறந்தது. உள்ளே இளஞ்சூடு. இஸ்திரி போட்ட துணியின் மணம். அலமாரியில் அடுக்கடுக்காக, விளிம்பு பிசகாமல், மொறுமொறுவென்ற துணிகள். ஆத்திரத்தோடு வந்தவளுக்கு அழுகை வந்தது. இதெல்லாம் தனக்கு இருந்திருக்க வேண்டியது.

ஆட்கள் பேசும் சத்தம் இல்லை. சிரிப்பு இல்லை. பின்னறைக் கதவின் அடியில் துணி சுருட்டித் திணித்திருந்தது. அங்கிருந்து மழைச் சத்தம் கேட்டது.

கூரைமேல் பெய்கிற சத்தம் அல்ல. அறைக்குள் பெய்தது.

திறந்தாள்.

இரண்டு நாற்காலிகள். ஒன்றில் இருந்தது ஆள்தான். ஒருகாலத்தில் ஆளாக இருந்தது. நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்போல உடம்பு முழுக்க வெளுத்து, விம்மி, பளபளத்தது. கண்ணும் மூக்கும் ஒரு பக்கமாக வழிந்து இறங்கியிருந்தன. நகக்கண்களிலிருந்து நீர் கசிந்து மூலைத் தூம்பை நோக்கி ஓடியது. மார்பு ஏறி இறங்கியது. மழைச் சத்தம் அந்த மார்புக்குள்ளிருந்து வந்தது.

இன்னொன்றில் அவள் கணவன். கண்மூடி, சுகமாக.

"கத்தாதம்மா. அவங்களுக்கு வலிக்காது." அக்கா பின்னால் நின்றிருந்தாள். "வீட்டு ஈரம் எங்கயாவது போய்த்தானே ஆகணும்? சுவத்துல ஏறும், துணியில ஏறும். இல்லேன்னா ஆள்ல ஏறும். எங்க வீட்டுக்காரரு நிறைஞ்சிட்டாரு. இனிமே தாங்க மாட்டாரு."

"என்ன பண்ணினீங்க இவரை?"

"ஒண்ணுமே பண்ணல. வீட்டுப் பொம்பள உக்காருங்கன்னு சொல்லணும். அவர் உக்காரணும். அவ்வளவுதான்."

அவளுக்கு ஓடிவிட வேண்டும், தெருவைக் கூட்ட வேண்டும் என்றெல்லாம் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு:

"என் புருஷன் உங்க வீட்டு ஈரத்தை எதுக்குச் சுமக்கணும்?"

கையைப் பிடித்து இழுத்தாள். அவனா இவ்வளவு கனம்? விரல்கள் அவன் மணிக்கட்டில் புதைந்தன. அக்கா தடுக்கவில்லை. வழிவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கள் வீட்டுக் கூடத்தில் அவன் தள்ளாடினான். "கால் வலிக்குது. அங்கயே போய் உக்காந்துக்கறேனே" என்றான், குழந்தை கேட்பதுபோல.

டாக்டரிடம் போகலாம். மாலை வண்டி பிடித்துப் பழைய ஊருக்கே திரும்பிவிடலாம். இரண்டையும் அவள் நினைக்காமல் இல்லை. "அங்கயே" என்ற அந்தச் சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. அக்கா வீட்டில் உட்காருவாராம். அவளுக்காக உட்காருவாராம்.

பின்னறையில் ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"எங்கயும் போக வேண்டாம். இங்கயே உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். பெருமூச்சு விட்டான்.

சுவரில் பூஞ்சை மங்கிக்கொண்டே போய் ஒரு காலையில் காணாமல் போயிற்று. ஊசி துருவேறவில்லை. நூல் அறவில்லை. திருப்பித் தந்துவிட்டுப் போனவர்கள் தேடி வந்தார்கள். "எப்படிம்மா உன் வீட்ல மட்டும்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி தேனாக இனித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினாள். அது அதைவிட இனித்தது. தைக்க வந்திருக்கிற இந்தச் சீருடைகளை முடித்ததும் அவனை எழுப்பிவிடலாம் என்று நினைத்தாள். இந்த மழை விடட்டும் என்று நினைத்தாள். மழை விடவில்லை.

பின்னறைக்குப் போவது குறைந்தது. பிறகு போகவே இல்லை.

இன்று மதியம் மிஷினை நிறுத்தியபோது உள்ளே ஏதோ அசைந்தது.

ஈரமாக. கனமாக. தரையில் இழுபடுவதுபோல.

"என்னங்க?"

நாற்காலி சாய்ந்து விழும் ஓசை. பிறகு மழை. அறைக்குள். கதவுக்கு மிக அருகில்.

அவள் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. பின்னால் நகர நினைத்தாள். கை தாழ்ப்பாளை விடவில்லை.

கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியே, எலும்பே இல்லாததுபோலத் தட்டையாக, வெளுத்த விரல் ஒன்று நுழைந்து இந்தப் பக்கம் வந்து விம்மியது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. தரையைத் தடவித் தடவி, அவை அவள் பாதத்தைத் தேடி வந்தன.