எந்த அல்ஃபே?

"நான் செத்துட்டேன்னு யாரு சொன்னது?"

கடைக்கார அல்ஃபே கோமோ ஒரு மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒசித் அத்தை வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

அத்தைக்குத் துணையாக இருந்த சிறுமி மரியெலுக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இறந்தவர் அத்தையின் கணவர். அவர் பெயரும் அல்ஃபே கோமோதான். இந்தக் கடற்கரையில் அந்தப் பெயரில் ஐந்து பேர்.

"நேத்து ரேடியோல வெறும் அல்ஃபே கோமோன்னு படிச்சுட்டான். விடிஞ்சு பாத்தா என் கடை வாசல்ல இது!"

சுற்றிலும் ஆங்கிலம் பேசும் ஊர்கள். இங்குள்ளவர்களின் பிரெஞ்சில் பேச ஒரே ஒரு பொது வானொலி நிலையம் இருந்தது. செலவு அதிகம் என்று போன மாதம் மூடிவிட்டார்கள். இப்போது மரண அறிவிப்புகளைப் பெருநகரத்திலிருந்து யாரோ படிக்கிறார்கள். அதுவும் பிரெஞ்சுதான். ஆனால் அப்பா பெயரும் தாத்தா பெயரும் சேர்த்துச் சொன்னால்தான் இங்கே ஆள் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"நேத்து ராத்திரி முழிச்சு அவரு உடம்புகூட உக்கார மூணு பேருதான் வந்தாங்க," என்றாள் அத்தை. "ரெண்டு மணிக்கு அடக்கம். பெட்டியத் தூக்கவாவது ஆறு பேரு வேணாமா?"

"போன் பண்ணலாமே அத்தை?"

"எல்லாரும் சிங்கி இறால் பிடிக்கப் போயிட்டாங்க. கடல்ல போன் எங்க எடுக்குது?"

மரியெல் படகுத்துறைக்கு ஓடினாள். அப்பா படகில் இயந்திரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தப் படகு ரேடியோ மைக்கக் குடுங்க."

"அது படகுக்காரங்க பேசுறது. விளையாட்டுச் சாமான் இல்ல."

"படகுக்காரங்ககிட்டதான் பேசணும்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"எல்லாப் படகுக்கும் சொல்றேன். தோசித்தே பேரன், சிரியாக் மகன் அல்ஃபே இறந்துட்டாரு. ரெண்டு மணிக்கு அடக்கம். தூக்க ஆள் இல்ல."

கரகரப்பு. பிறகு ஒரு குரல்: "ஐயோ, சிரியாக்கோட அல்ஃபேவா! நான் கடைக்காரருன்னு நெனச்சு அங்க பூ வச்சுட்டு வந்தேனே!"

இன்னொரு குரல்: "இறால் கூண்டு கெடக்கட்டும். படகைத் திருப்பு."

இரண்டு மணிக்கு முன்பே, ரப்பர் பூட்ஸும் மீன் வாடையுமாகப் படகுக்காரர்கள் மாதா கோயிலுக்குள் நுழைந்தார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை.

"நாப்பது வருஷம் உங்ககூட கடலுக்கு வந்த மனுஷன்," என்றாள். "நேத்து ராத்திரி நீங்க யாரும் இல்லாம கெடந்தாரு."

அவர்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள்.

"அடுத்து யாராவது போனா எப்படித் தெரியும்?" என்று மரியெல் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னிக்கு நீ சொன்ன," என்றார் அப்பா. "நம்ம ரேடியோல அதச் சொல்றதே வேலையா ஒருத்தர் இருந்தாரு. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதும். இடம் கிடைக்காதவர்கள் ஆளுக்கு ஒரு விரலையாவது அதன்மேல் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.