வாட்ச்மேன் நின்ற இடம்

நண்பகல் வெயிலில் குடையை மடக்கியபடி ஸ்டூடியோவுக்குள் வந்தாள் அந்த நர்ஸ். எதிரே இப்போது பஸ் நிலையம், முன்பு பூங்கா. அந்தப் பூங்காவின் நினைவாகக் கண்காட்சி வைக்கப்போவதால், ஊரார் கொடுத்த பழைய படங்கள் மேஜை நிறையக் கிடந்தன. நகலெடுக்கும் வேலை ஸ்டூடியோக்காரருடையது.

“எங்கப்பா அந்தப் பூங்காவுல வாட்ச்மேன், சார். எங்கிட்ட அவரு படம் ஒண்ணுகூட இல்ல. யார் படத்துலயாவது ஓரமா நின்னிருப்பாருல்ல?”

ஸ்டூடியோக்காரர் இருட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நாலு வயசுல பார்த்தது, முகமே ஞாபகம் வரல. எவகூடவோ ஓடிட்டாருன்னு ஊரே பேசிச்சு. அதைக் கேட்டுக் கேட்டே எங்கம்மா போய்ச் சேர்ந்துச்சு.”

படங்களைப் புரட்டினாள். ஊஞ்சல், சறுக்குமரம், நீரூற்று. விரல் நின்றது.

“இது என்ன சார்?”

எல்லாப் படத்திலும் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நின்றார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு.

“பூஞ்சைம்மா.” பொய் வாய் கூசாமல் வந்தது.

அவர் சுரண்டியது ஒரே ஒரு நெகட்டிவை. இவையெல்லாம் வேறு வேறு வீட்டுப் படங்கள்.

முப்பது வருஷத்துக்கு முன், பூங்காவைப் பூட்டும் நேரம். வெளியே போகச் சொன்ன வாட்ச்மேனின் தலையை, குடித்திருந்த அக்கா புருஷன் இரும்புக் கம்பியால் பிளந்தான். நீரூற்றைப் படமெடுத்துக்கொண்டிருந்த இவர் கேமராவில் அது விழுந்துவிட்டது. புருஷனைக் காட்டிக்கொடுக்காதே என்று அக்கா காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நெகட்டிவில் சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாகிவிடும். படத்தில் கொன்றவன் முதுகு காட்டி நின்றான்; அடையாளம் தெரிந்தது செத்தவரின் முகம்தான். நெகட்டிவைத் திருத்தும் டச்சிங் பிளேடை எடுத்து அந்த முகத்தைச் சுரண்டினார். மொத்தமாக எரித்திருக்கலாம். எடுத்த நெகட்டிவை எரிக்கத் தொழில்காரன் கை வரவில்லை. கொலையை மறைக்க மட்டும் வந்தது. இருட்டறை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

“பழைய நெகட்டிவ் ஏதாவது இருக்கா சார்? முகம் மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“இல்லம்மா.”

சரக்.

இருட்டறைக்குள் யாரோ சுரண்டினார்கள்.

செல்போன் அலறியது. அக்கா. “டேய், மாமா முகத்தை யாரோ உரிக்கிறாங்கடா! பக்கத்துல ஆளே இல்லடா!”

இருட்டறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டார். நெகட்டிவைத் தேடியெடுத்து, துண்டு துண்டாக வெட்டக் கத்தரிக்கோலை விரித்தார்.

சரக். சரக். சரக்.

நர்ஸ் கதவை உதைத்துத் திறந்தபோது அவர் தரையில் துடித்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து கன்னம்வரை தோல் கீற்றுக் கீற்றாகச் சீவப்பட்டிருந்தது. கண்கள் இருந்த குழிகளில் ரத்தம் நிரம்பி வழிந்தது. மிச்சம் இருந்தது வாய் மட்டும்.

“உங்கப்பா ஓடலம்மா... நீரூற்றுக்கு அடியில... எங்க மாமாதான்...”

அடுத்த சுரண்டலில் வாயும் போனது.

எத்தனையோ விபத்துக் காயங்களைக் கட்டியவள் அவள். துண்டை அழுத்தி, நாடியைப் பார்த்தாள். நின்றிருந்தது.

சுவரைப் பிடித்தபடி மேஜைக்கு வந்தாள். படங்களில் கறுப்பு விலகியிருந்தது. ஊஞ்சலருகே, வாசலில், நீரூற்றின் ஓரத்தில், எல்லாவற்றிலும் அப்பா. அவளுடைய அதே மூக்கு, அதே நெற்றி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சரக்.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம் கறுத்தது. அம்மாவைத் தெருவில் நிறுத்தி, “புருஷனை வச்சுக்கத் தெரியல” என்று சிரித்த எதிர்வீட்டுக்காரி. வெளியே பஸ் நிலையத்தில் ஒரு கிழவியின் அலறல் எழுந்தது.

“போதும்ப்பா!”

சுரண்டல் நின்றது. அப்பா படத்திலிருந்து அவளையே பார்த்தார். அவர் விரல்களுக்கிடையில் பிளேடு மின்னியது.

அவளுக்கு அம்மாவின் கடைசி நாட்கள் ஞாபகம் வந்தன. வெட்கப்பட்டு வெளியே வராமல், ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊரார் கூட்டமாக நிற்கும் படம் ஒன்றைத் தேடியெடுத்து, அப்பாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சரக்.